வாளைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்

போன இதழில் சாகசக் கதைகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாளும் வாள்வீரர்களும்தான். எனக்கு மகிழ்ச்சி. பதினான்கு வயதில் வாள்வீச்சு வகுப்பில் சேர்ந்து, முப்பத்தொரு வயதில் முழங்கால் கைவிடும்வரை எப்பே என்னும் வாள்வகையில் ஆடியவன் நான். வாளெடுத்த நாயகர்களைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதே பதினான்கில்தான். ஆகவே சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. கதை எழுதுகிறேன். என் நாயகி இருபது கிலோ எடையுள்ள வாளை ஒற்றைக் கையால் சுழற்றுகிறாள். தோழி நம்ப மறுக்கிறாள். யார் சொல்வது சரி?

தோழி சொல்வதுதான் சரி. ஐரோப்பாவின் இடைக்கால ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருந்தன. இரண்டு கையாலும் பிடிக்கும் நீள வாள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வீரர்கள் தூக்கிய, ஆள் உயரத்தை எட்டும் இருகை வாள்களில்கூடப் போருக்குப் போனவை இரண்டு முதல் மூன்றரைக் கிலோ வரைதான். அதற்கு மேல் கனத்தவை ஊர்வலத்தில் ஏந்திச் செல்லச் செய்தவை. ஜப்பானியக் கட்டானாவும் ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். நான் ஆடிய எப்பே, விதிப்படி 770 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு கிலோதானே என்று லேசாக நினைத்துவிடாதே. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, தோள் உயரத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில். முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் தோளில் எரிச்சல் தொடங்கும். பிறகு பாட்டிலின் வாய் நடுங்கும், நீ நடுங்கவிடக் கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் நடுங்கும். அந்த நடுக்கத்தை எழுது. இருபது கிலோவைத் தூக்குகிறவளைப் படிக்கிறவர் வேடிக்கை பார்ப்பார். ஒரு கிலோவைக் கீழே இறக்காமல் நிற்கிறவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. வாளின் நடுவே ஓடும் பள்ளத்தை ‘ரத்தம் வடியும் வாய்க்கால்’ என்று எழுதியிருக்கிறாய். பல பெரியவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தப் பள்ளம் எடையைக் குறைக்க. இரும்பை அங்கே குறைத்தாலும் வாளின் விறைப்பு பெரிதாகக் குறையாது. அதற்காகத்தான் கொல்லர்கள் அதை வைத்தார்கள்.

கேள்வி: முதுகில் கட்டிய வாளைத் தோளுக்கு மேலாக ஒரே வீச்சில் உருவ முடியுமா?

குட்டை வாள் என்றால் முடியும். நீள வாள் என்றால் கை போதாது. ஒரு மீட்டர் அளவுகோலை முதுகுப்பக்கம் சட்டைக்குள் செருகி உருவிப் பாருங்கள், பாதியில் நிற்கும். உருவும்போது எழும் அந்த ‘ஷிங்’ ஓசையும் திரைக்காகச் சேர்த்ததே. உறையின் உட்புறம் மரமோ தோலோதான். கட்டானாவின் உறை மக்னோலியா மரத்தில் குடைந்தது, உருவினால் பட்டுத்துணியை இழுப்பதுபோல மெல்லிய சத்தம் வரும். எனக்கு அந்த மெல்லிய சத்தம்தான் பயமூட்டுகிறது.

கேள்வி: வந்தியத்தேவன், தர்தான்யன் இருவரில் யார் சிறந்த வாள்வீரர்?

கத்தியை மட்டும் வைத்து அளந்தால், அலெக்ஸாந்தர் டூமாவின் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ நாவலின் நாயகன் தர்தான்யன். ஆனால் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இருவரும் குதிரை மேல்தான் கதைக்குள் வருகிறார்கள். இருவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய மடல் இருக்கிறது. தர்தான்யனிடம் அப்பா கொடுத்த அறிமுகக் கடிதம். வந்தியத்தேவனிடம் ஆதித்த கரிகாலன் தந்தைக்கும் தங்கைக்கும் எழுதிய ஓலைகள். இருவருக்கும் வயது குறைவு, வாய் அதிகம். வேறுபாடு அப்புறம்தான் தொடங்குகிறது. தர்தான்யன் பாரிஸுக்கு வந்த கையோடு அத்தோஸ், போர்த்தோஸ், அராமிஸ் மூவரையும் தனித்தனியாகச் சீண்டி, பன்னிரண்டு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று ஒரே நாளில் மூன்று சண்டைக்கு நேரம் குறித்துக்கொள்கிறான். வந்தியத்தேவன் பெரும்பாலும் பேசித் தப்பிப்பான், ஒளிந்து தப்பிப்பான், கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் ஒரு கதை கட்டித் தப்பிப்பான். வாளை உருவ அவன் தயங்குவதில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வாசகர்களைக் காத்திருக்க வைத்தது அவன் வாளைவிட அவன் வாயும் காலும்தான்.

தர்தான்யனின் முதல் சண்டையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எதிரில் நிற்பவன் கார்டினல் ரிஷ்லியூவின் காவல்படை அணி ஒன்றின் தலைவன் ஜுஸாக், அனுபவசாலி. பையன் அவனைச் சுற்றிச்சுற்றி வருகிறான், நின்ற இடத்தையும் நிலையையும் ஓயாமல் மாற்றுகிறான். ஜுஸாக்குக்கு எரிச்சல் வருகிறது, எரிச்சலில் நீளமாகப் பாய்கிறான். அதைத் தட்டிவிட்டுக் கத்திக்குக் கீழே பாம்புபோல நழுவி வந்து குத்துகிறான் தர்தான்யன். இந்த வெற்றி முழுக்கக் காலால் வந்தது. வாள் கடைசி வேலையைத்தான் செய்தது.

இருவருக்கும் நிஜ மூலம் உண்டு. வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குந்தவையைக் குறிக்கும் கல்வெட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. நிஜ தர்தான்யனின் பெயர் ஷார்ல் தெ பாத்ஸ். 1673-இல் மாஸ்திரிக்ட் முற்றுகையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார்.

கேள்வி: சண்டைக் காட்சி எழுத உட்கார்ந்தால் ‘வெட்டினான், தடுத்தான், குத்தினான், விலகினான்’ என்றே போகிறது. எனக்கே அலுப்பாக இருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எழுதியவர் இரண்டு நாவல் முடித்து அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும் சொல்கிறார். ஐயா, உங்களுக்கு என் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் நாங்கள் ஆடும்போது எங்கள் கத்திகளைப் பார்க்கவே மாட்டார். வகுப்பு தொடங்கும் முன் தரையில் சாக்பீஸ் பொடியைத் தூவிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுத் தரையைக் காட்டுவார். முன்கால் எதிராளியை நோக்கி நேராக, பின்கால் அதற்குக் குறுக்காக, நடுவில் தோள் அகல இடைவெளி. அதுதான் நிற்க வேண்டிய முறை. பொடியில் தெரிந்ததோ வேறு. தோற்றவனின் தடத்தில் பின்கால் இழுபட்ட கோடு இருக்கும். பயந்தவனின் தடத்தில் இரண்டு குதிகாலும் ஒன்றை ஒன்று நெருங்கியிருக்கும். யார் எந்த இடத்தில் பயந்தான் என்று விரல் வைத்துக் காட்டுவார். அவர் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. பயம் முகத்துக்கு வரும் முன்னால் காலுக்கு வந்துவிடுகிறது.

என் சண்டை ஒன்றையும் சொல்கிறேன். களம் 14 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும் ஒரு நடைபாதை, அவ்வளவுதான். எண்ணிக்கை 14-க்கு 14. அடுத்த தொடுதல் யாருடையதோ ஆட்டம் அவருடையது. எதிராளி என்னைவிட உயரம், இடதுகைக்காரன். அவன் பாயும் முன் முன்கால் கட்டைவிரல் பக்கம் ஷூ இரண்டு முறை தரையைத் தட்டும். அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தட்டு, தட்டு, பாய்ச்சல். நானும் கையை நீட்டினேன். இரண்டு விளக்கும் எரிந்தன. எப்பேயில் 40 மில்லி விநாடிக்குள் இருவரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி, ஆனால் கடைசிப் புள்ளியில் அது செல்லாது. திரும்ப நின்றோம். மறுபடி தட்டு, தட்டு. மறுபடி இரண்டு விளக்கு. மூன்றாவது முறை என் முகமூடிக்குள் என் மூச்சுச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நெற்றி வியர்வை இடது கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை. ஒரு தட்டு. இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. அவன் விளக்கு மட்டும் எரிந்தது.

அந்தக் கடைசி நிமிடத்தில் நடந்த குத்தும் தடுப்பும் இன்று ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த ஷூ நினைவிருக்கிறது. தட்டாமல் போன அந்த இரண்டாவது தட்டு நினைவிருக்கிறது.

ஆகவே உங்கள் காட்சியில் இருக்கும் அடிகளில் முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்கு முன்னால் இருவருக்கும் நடுவில் எத்தனை அடி தூரம், தரை ஈரமா மண்ணா, வெயில் யார் கண்ணில் விழுகிறது, யார் பின்வாங்குகிறார், பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்று வாசகருக்குக் கண்ணால் பார்த்ததுபோலத் தெரிய வேண்டும். எதிரியைப் பற்றி உங்கள் நாயகன் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்கட்டும். அந்தக் கண்டுபிடிப்பு அவனைக் காப்பாற்றலாம், என்னைப் போலக் கவிழ்க்கவும் செய்யலாம். கலைச்சொற்களைக் குவிக்காதீர்கள், அவை தெரிந்தவருக்குத் தேவையில்லை, தெரியாதவருக்குப் புரியாது. அப்புறம், அந்த இரண்டு நாவலையும் அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: முசாஷி நிஜ மனிதரா, கதாபாத்திரமா?

நிஜ மனிதர், ஜப்பானிய வாள்வீரர். 1645-இல் இறந்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில், குமமோட்டோ அருகே ஒரு குகையில் தங்கி, ஐந்து வளையங்களின் நூல் என்று இன்று அறியப்படும் நூலை எழுதினார். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது வரை அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அதில் அவரே சொல்கிறார். இன்று நம் மனத்தில் இருக்கும் முசாஷியை உருவாக்கியது, யோஷிகாவா எய்ஜி 1935 முதல் 1939 வரை அஸாஹி நாளிதழில் எழுதிய தொடர்கதை.

ஒரு தீவில் சசாகி கொஜிரோவோடு நடந்த சண்டையை எல்லோரும் சொல்வார்கள். 1612 என்பது மரபு வழி வந்த ஆண்டு. முசாஷி தாமதமாக வந்தார், எதிரி கொதித்துப்போனார், படகுத் துடுப்பைச் செதுக்கிய மரவாளால் முசாஷி அடித்து வீழ்த்தினார் என்பது பின்னால் எழுதப்பட்ட வரலாறுகள் தரும் சித்திரம். தாமதமாக வந்ததை மனோதத்துவத் தந்திரம் என்று பலர் சிலாகிப்பார்கள். எனக்கு அந்தத் துடுப்புதான் முக்கியம். கொஜிரோவின் வாளுக்குத் ‘துணி காயப்போடும் கம்பு’ என்றே பட்டப்பெயர், அவ்வளவு நீளம். அந்த நீளத்தால்தான் அவர் எதிரிகளைக் கிட்டே வரவிடாமல் ஜெயித்தார். துடுப்பில் செதுக்கிய வாள் அதையும் மிஞ்சிய நீளம். நடந்தது நடந்தபடியே சொல்லப்பட்டதோ இல்லையோ, இந்தக் கதையை முதலில் சொன்னவருக்குத் தூரம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

கேள்வி: சீன வாள்வீரக் கதைகளில் கூரைக்குக் கூரை பறக்கிறார்கள். எடை, தூரம் என்று பேசும் நீங்கள் அதை எப்படி ரசிக்கிறீர்கள்?

மனதார ரசிக்கிறேன். அந்தக் கதைகளுக்கும் எடை உண்டு, அது வேறு இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஹாங்காங்கில் 1955-இல் நாளிதழ்த் தொடராக எழுத ஆரம்பித்த ஜின் யோங் 1972 வரை எழுதியவை பதினைந்து கதைகள். அவற்றில் ஒன்றின் நாயகன் யாங் குவோ. கோபக்காரப் பெண் ஒருத்தி ஆத்திரத்தில் வீசிய வாளால் வலதுகையை இழக்கிறான். வாள்பிடிக்கும் கை. காட்டில் ஒரு பிரம்மாண்டக் கழுகு அவனுக்குத் துணையாகிறது, இறந்துபோன மாவீரர் ஒருவரின் வாள்கள் புதைந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறது. அங்கே கிடப்பது கன்னங்கரேலென்ற இரும்பு வாள். கூர்மை இல்லை, முனை மழுங்கியிருக்கிறது, எடை சீன அளவில் அறுபத்து நான்கு ஜின். நம் கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல். மிச்சமிருக்கும் இடதுகையால் அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கி நின்று பழகுகிறான்.

முதல் கேள்வி கேட்ட மாணவி இதைப் படித்துவிட்டு ‘இவருக்கு மட்டும் முப்பது கிலோ எப்படிச் செல்லும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வாளைக் கொடுக்கும் முன் எழுத்தாளர் அவனிடமிருந்து ஒரு கையை வாங்கிக்கொண்டார். தூக்க முடியாமல் திணறுவதையும், நீர் அவனைப் புரட்டுவதையும் நம்மைக் காணவைத்தார். விலை கொடுத்து வாங்கிய அதிசயத்தை வாசகர் மறுப்பதில்லை. பறப்பதும் அப்படித்தான். வருடக்கணக்கில் மூச்சுப் பழகியவன் கூரைக்குத் தாவினால் கூடவே தாவ நான் தயார். நேற்று வந்தவன் தாவினால் புத்தகத்தை மூடிவிடுவேன்.

கேள்வி: வாளேந்திய பெண்கள் எல்லாம் எழுத்தாளர்களின் ஆசைக் கற்பனைதானே?

இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் ஓபராவில் பாடிய ஜூலி தோபின்யி நிஜமாகவே வாள் பழகியவர், ஆணுடையில் வாள்சண்டை போட்டவர். மோப்பேன் என்ற அவர் மணப்பெயரை எடுத்துக்கொண்டுதான் 1835-இல் தெயோஃபீல் கோத்தியே தன் நாவலை எழுதினார். ஜப்பானின் ஹெய்கே காவியத்தில் வரும் தோமோயேயை எனக்கு இன்னும் பிடிக்கும். தோல்வி உறுதியான கடைசிப் போரில், ‘நீ பெண், போய்விடு’ என்கிறார் தலைவர். அவள் உடனே போவதில்லை. தகுந்த எதிரி ஒருவன் வரட்டும் என்று குதிரையை நிறுத்திக் காத்திருக்கிறாள். வந்தவனை இழுத்துத் தன் சேணத்தோடு சேர்த்து அழுத்தித் தலையை எடுக்கிறாள். பிறகு கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிழக்கே போகிறாள். அந்தக் காத்திருப்பை எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

கேள்வி: விண்வெளிப் படத்தில் கறுப்பு முகமூடி வில்லனாக ஒளிவாள் சண்டை போட்டவர் வேறு ஒருவர் என்கிறார்களே?

ஆமாம். 1980, 1983 ஆண்டுகளில் வந்த இரண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களிலும் டார்த் வேடரின் வாள்சண்டைகளை ஆடியவர் பாப் ஆண்டர்சன், 1952 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடிய வாள்வீச்சு வீரர். முகமே தெரியாத அந்த உடைக்குள்ளிருந்து சண்டைகளின் மிரட்டலைக் காலாலேயே கொண்டுவந்தார். அடுத்த முறை பார்க்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அலங்காரத்துக்குச் சுவரில் மாட்டிய வாளை வைத்து என் பையன் நண்பர்களோடு சண்டைப் பயிற்சி செய்கிறான். ஆபத்தில்லையே?

இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. அலங்கார வாள்களில் பல, பிடிக்குள் பென்சில் கனக் கம்பி ஒன்றால் மட்டும் ஒட்டவைக்கப்பட்டவை. துருப்பிடிக்காத எஃகில் செய்த நீள அலகு, இன்னொன்றில் மோதினால் ஒடியும். வேகமாக வீசும்போது ஒடிந்தால் அலகு பறந்துபோகும், கையில் பிடி மட்டும் நிற்கும். பஞ்சு சுற்றிய பயிற்சிவாளும் கண்ணைக் காக்கும் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள், அல்லது முறையான வகுப்பில் சேருங்கள். ஆசையை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: உங்களுக்கு மிகப் பிடித்த வாள்வீரர் ஒரே ஒருவரைச் சொல்லுங்கள்.

1954-இல் வந்த ‘செவன் சாமுராய்’ படத்தின் கியூஸோ. அறிமுகக் காட்சியில் மூங்கில் கழியோடு ஒருவன் அவரோடு மோதுகிறான். மோதி முடித்து, சரிசமம் என்கிறான். இல்லை, நிஜ வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறார் கியூஸோ. அவன் கத்திக் கூச்சலிட்டு நிஜ வாளோடு வருகிறான். கியூஸோ வாயே திறப்பதில்லை. ஒரே வீச்சு, அவன் மெல்லச் சரிகிறான். ஜெயித்தவர் முகத்தில் துளிச் சந்தோஷம் இல்லை.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்புறம் வரும் இடத்தில்தான். கொள்ளையரிடம் இருக்கும் துப்பாக்கிகளில் ஒன்றையாவது பறிக்க வேண்டும் என்று பேச்சு வருகிறது. கியூஸோ தனியாக இருட்டுக்குள் போய்விடுகிறார். விடியும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வருகிறார், கையில் துப்பாக்கி. அதைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரைக் கொன்றதாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடுகிறார். இளையவன் கத்ஸுஷிரோ தூங்க விடாமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன வேண்டும் என்று கேட்கிறார். நீங்கள் அற்புதமான மனிதர் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறான் பையன்.